ஒட்டுத் தையலில் மேடு தவிர்த்தல்

நீலகிரித் தோடர் பெண்டிர் வெண்பருத்தித் துணியின் இழைகளை எண்ணி, சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் பூவேலை செய்கின்றனர். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற இக்கலை, பூத்துக்குளிப் போர்வையோடு நில்லாமல் திண்டுறை, பை முதலியவற்றிலும் இடம்பெறுகிறது. இத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கையில் இணைப்புகள் மேடிட்டால், பல நாள் உழைப்பு விலை குன்றிப்போகும்.

மேடு எழும் காரணத்தை நாம் ஆராய்வோம். நான்கு துண்டுகள் கூடுமிடத்தில் மடிப்புகள் யாவும் ஒரே பக்கம் சாய்ந்தால், அங்கே 9 அடுக்குத் துணி சேரும். ஒவ்வொரு மடிப்பையும் இருபுறமும் விரித்துத் தேய்த்தால் எப்பக்கமும் 4 அடுக்கே நிற்கும். ஆயின், விரித்த மடிப்பில் இழுப்பு முழுவதும் தையல் நூலின்மீதே விழும். ஆதலால் தையலை நெருக்கமாக இடுதல் வேண்டும்.

தையலுக்கு விடும் கால் அங்குல ஓரத்தில் பூவேலையைத் தவிர்த்திடுக. கம்பளி நூல் மடிப்பினுள் புகுந்தால் தடிப்பு மிகும். வரிசைகளை இணைக்குமுன் ஒவ்வொரு மடிப்பையும் தேய்த்துவிடுக. தேய்க்கும்போது பூவேலை கீழ்நோக்கி, மெத்தென்ற துவாலைமேல் கிடக்கட்டும். மேலே ஈரத்துணி விரிப்பது கம்பளியைச் சூட்டினின்று காக்கும்.

முடித்தபின் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே விற்பனைக்கு அனுப்புவோமாக.