செயற்கைப் புல்: முதலில் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள்

“ஒருதடவை போட்டுட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்று சொல்லித்தான் செயற்கைப் புல்லை விற்கிறார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து வீடுகளில் அதைப் போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. சித்திரை வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். பழுது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் புல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது அதன் அடித்தரை.

அதனால் எங்கே போனாலும் ஒரு மூலையில் விளிம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன். ஒரு வீட்டில் அந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “தம்பி, மேல புல்லு நல்லாத்தானே இருக்கு. கீழ பெட்ரூம் சீலிங்தான் ஊறுது. அதுக்கு எதுக்குப் புல்லைப் பிரிக்கணும்?” என்றார். பிரித்தால், மழைத்தண்ணீர் இறங்க வேண்டிய குழாயின் வாயைப் புல்லே மூடிக்கொண்டிருந்தது. கூலிங் டைல்ஸ் மேல் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். புல்லின் அடித்துணியில் ஏறக்குறைய நாலு அங்குலத்துக்கு ஒரு துளை உண்டு. தண்ணீர் இறங்க அதுதான் வழி. முழுப் பசை அந்தத் துளைகளையும் அடைத்துவிடும். பிறகு பாசி, நாற்றம், கீழ்வீட்டுக்காரரோடு சண்டை.

மொட்டை மாடியில் விளிம்பையும் ஜாயின்ட்டையும் மட்டும் ஒட்டினால் போதும். அடியில் தண்ணீர் ஓடுவதற்குத் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டுகள் கிடைக்கின்றன. கொஞ்சம் செலவானாலும் போட்டுவிடுங்கள். குழாய் வாய்க்கு நேரே புல்லைச் சதுரமாக வெட்டி, கையால் எடுத்து வைக்கிற மூடியைப் போல் விட்டால், புரட்டாசியிலேயே சுத்தம் செய்துவிடலாம்.

மண் தரை வேறு கதை. எங்கள் பக்கம் சதுப்பு நிலத்துக் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். நாலு அங்குலமாவது மண்ணை எடுத்துவிட்டு, ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டி, நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்தாமல் போட்ட புல், முதல் பெருமழையிலேயே பள்ளமும் மேடுமாகிவிடும். பள்ளம் விழுந்த இடத்தில் மேலே மணலைக் கொட்டி நிரவுவது வீண். அந்தப் பக்கத்தைச் சுருட்டி, அடியில் நிரப்பி, இடித்துவிட்டு மறுபடி விரியுங்கள்.

கோரைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். அதன் முளை ஊசிபோல் கூராக இருக்கும். களைத்துணியைத் துளைத்துக்கொண்டு புல்லுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். மேலே கிள்ளினால் கிழங்கிலிருந்து திரும்ப வரும். போடுவதற்கு முன்பே ஈர மண்ணைக் கிளறிக் கிழங்கோடு எடுத்தவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்த தொல்லை ஜாயின்ட் பிரிவது. நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ரோல் இரண்டு மீட்டர் அகலம். அதைவிட அகலமான இடமென்றால் ஜாயின்ட் தவிர்க்க முடியாதது. பிரிந்த இடத்தில் பழைய பசையைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, இரண்டு விளிம்புக்கும் பொதுவாக அடியில் ஜாயின்ட் டேப்பை வைத்து ஒட்டுங்கள். நார் பசையில் சிக்காமல் விரலால் ஒதுக்கிவிட்டு, மணல் மூட்டையை ஒரு நாள் ஏற்றி வையுங்கள். நடுப்பகலில் இந்த வேலை வேண்டாம். வெயிலில் புல் விரிந்திருக்கும். அப்போது அளந்து பொருத்தினால், ராத்திரி சுருங்கும்போது ஜாயின்ட் வாயைப் பிளக்கும். காலை வேளைதான் சரி.

எனக்கு வேலை குவிவது தீபாவளிக்கு மறுநாள். புல்லின் நார் பெரும்பாலும் பாலிஎத்திலீன். நூற்றுச்சொச்சம் டிகிரியில் உருகிவிடும். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல். சங்குசக்கரம் ஒன்று சுற்றினால் வட்டமாகக் கருகல். கார்த்திகைக்கு வரிசையாக வைக்கிற அகல் விளக்கும் இதே வேலையைச் செய்யும். கருகிய முனையைக் கத்தரித்து மறைக்கலாம். அடிவரை உருகியிருந்தால் பேட்ச் போட வேண்டியதுதான்.

பேட்சைச் சதுரமாக வெட்டுங்கள். புல்லைப் புரட்டிப் போட்டு, அடித்துணியில் தெரியும் தையல் வரிசைக்கு நடுவே கத்தியை ஓட்டினால் நார் அறுபடாது. நார் சாய்ந்திருக்கும் திசை சுற்றிலும் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். திசை மாறினால் ஒரே ரோலிலிருந்து எடுத்த துண்டுகூட வேறு நிறமாகத் தெரியும். புதுத் துண்டு எப்படியும் பச்சையாகக் கண்ணை உறுத்தும். ஆகவே பேட்சுக்கான துண்டை, பூந்தொட்டி வரிசைக்குப் பக்கத்திலோ சுவரோரத்திலோ, அதே வெயில் பட்டு வெளுத்த இடத்திலிருந்து எடுங்கள். புதுத் துண்டு அந்த ஓரத்துக்குப் போகட்டும். இன்னொரு வழி, புல் போடும் அன்றே மிச்சத் துண்டுகளை மாடியில் விரித்துப் போட்டு வெயில் காய விடுவது. மிச்சத்தைக் குப்பையில் போடுகிற ஆட்களை வேலைக்கு வைக்காதீர்கள்.

மற்றவை சில்லறை வேலைகள். இலைச் சருகை எடுக்கத் தென்னந்துடைப்பம் போதும். படுத்துப்போன நாரை நிமிர்த்த, கெட்டியான பிளாஸ்டிக் பிரஷ்ஷால் சாய்வுக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் நாரைக் கிழித்துவிடும். உயரமான நாருக்கு நடுவே சிலிக்கா மணல் தூவுங்கள். எம்-சாண்டைத் தூவினால் அதன் தூசி துளைகளை அடைக்கும். நாய் சிறுநீர் கழித்த இடத்தில் உடனே நிறையத் தண்ணீர். நாற்றம் போகாவிட்டால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றிக் கழுவலாம். பாத்ரூம் ஆசிட் கூடவே கூடாது. எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற வெயில்கூட நாரைச் சுருட்டிவிடும். ஒரே இடம் திரும்பத் திரும்பச் சுருங்கினால் நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பாருங்கள். கோடை நடுப்பகலில் புல்லின் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தாண்டும். குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள்.

எப்போது மாற்றுவது? ஓரத்தை மடித்துப் பாருங்கள். அடிப்பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, இழுத்தால் நார் கொத்தாகக் கையோடு வந்தாலோ, இனி பேட்சுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கழித்த புல்லை எரிக்கவும் வேண்டாம். அத்தனையும் பிளாஸ்டிக், புகை நச்சு. நாரும் துணியும் பூச்சும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் பழைய சாமான்காரரும் எடுக்கத் தயங்குவார். நல்ல பகுதிகளை வெட்டி வாசலுக்கு மிதியடியாகப் போட்டுக்கொள்ளுங்கள், மிச்சத்தை மாநகராட்சி வண்டியில் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.