சர்வர் மூழ்கினாலும் மெயில் வரட்டும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. லேத்தைத் துடைத்து ஓட்டிவிடலாம். ஆனால் பட்டறை ஷெட்டின் மூலையில் சர்வர் வைத்திருப்பவருக்கு ஆர்டர் மெயில் எங்கே போய் விழும்?

டொமைன் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், மெயில் எங்கே போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் ரெக்கார்டு இரண்டு போடுங்கள். சொந்த சர்வருக்கு 10, கோவையிலோ மும்பையிலோ உள்ள மாற்று சர்வருக்கு 20. சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை. பலர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். எம்எக்ஸில் ஐபி எண்ணை எழுதக் கூடாது, சர்வரின் பெயரைத்தான் எழுத வேண்டும். மாற்று சர்வரிலும் ஸ்பேம் வடிகட்டி வையுங்கள். குப்பை மெயில்காரர்கள் பின்வாசலைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

வெப்சைட்டின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டுக்கு இந்த வரிசை எண் கிடையாது. சர்வர் மூழ்கினால் முகவரியை நீங்களே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத் தானாக மாற்றும் டிஎன்எஸ் சேவையை எடுக்க வேண்டும். ஒரு ரெக்கார்டை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 என்றிருந்தால், மாற்றிய பிறகும் ஒரு நாள்வரை ஆட்கள் பழைய முகவரிக்கே போவார்கள். 300 என்றால் ஐந்தே நிமிடம். புயல் சின்னம் என்று செய்தி வந்ததுமே குறைத்துவிடுங்கள். கரன்ட் போன பிறகு குறைத்துப் பயனில்லை.

டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் இத்தனையும் வீண். வீட்டு பீரோவிலும் ஒன்று எழுதி வையுங்கள்.