தாயின் குற்றமன்று

பெயர் சொல்லி அழைத்தாலும் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. மாட்டைக் காட்டினால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. தானும் எதையும் விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. ஒன்றரை வயதிலும் இப்படியிருந்தால் அது ஓட்டிசத்தின் அறிகுறியாகலாம்.

1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் என்னும் வைத்தியர் இத்தகைய 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பின்னர் சிலர், தாயின் அன்புக் குறைவே காரணமெனப் பழி சுமத்தினர். 1977 இல் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பரம்பரைக்கே இதில் பெரும் பங்குண்டு எனத் தெரிந்தது. ஆகவே, இடம்பெயர்ந்த அலைச்சலில் கவனிக்கத் தவறியதால் வந்ததென எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. முதலில் பிள்ளையின் காது கேட்கும் திறனைச் சோதிப்பிப்போம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுவோம். பிள்ளை பார்க்கும் பொருளையே நாமும் பார்த்து, அதன் பெயரைச் சொல்லி, நாள்தோறும் கூடி விளையாடுவோம்.