புழுவின் பருவம் பார்த்து

அன்பு மகளுக்கு,

வேப்பங்கொட்டைச் சாறு அடித்த வயலில் மூன்றாம் நாளும் இலைச்சுருட்டுப் புழு உயிரோடு நெளிகிறதே, இதைப் போய் மருந்து என்கிறார்களே என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். கடையில் வாங்கும் மருந்தை மாலையில் அடித்தால் காலையில் புழு செத்துக் கிடக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேப்பங்கொட்டைச் சாறு தோற்றுப்போன மருந்தாகத்தான் தெரியும். ஆனால் இந்த மருந்து புழுவின் உயிரைக் குறிவைப்பதில்லை, அதன் வளர்ச்சியைக் குறிவைக்கிறது. ஆகவே புழு செத்ததா என்று பார்ப்பதைவிட, அது தின்கிறதா, தோல் உரிக்கிறதா, அந்துப்பூச்சியாகி முட்டையிடுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. நம் ஊர் நெல் வயலுக்கு இந்த வழி ஏன் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பூச்சிக்கு உள்ளே எலும்பு கிடையாது. உடம்பைச் சுற்றியிருக்கும் கைட்டின் கலந்த தோலே அதற்குச் சட்டகம். அந்தத் தோல் ஓரளவுக்கு மேல் விரியாது. எனவே புழு வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்றிப் புதுத்தோல் போட்டாக வேண்டும், அதுவும் ஒருமுறை அல்ல, நான்கைந்து முறை. இதை எது நடத்துகிறது என்று முதலில் சோதித்துக் காட்டியவர் போலந்தின் ஸ்டீபன் கோபெச். 1917 முதல் 1922 வரை அவர் வெளியிட்ட ஆய்வுகளில், கடைசிப் பருவத்துப் புழுவின் மூளையை முதல் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட்டால் அது கூட்டுப்புழு ஆகவில்லை. பத்து நாள் கழித்து எடுத்தால் மூளை இல்லாமலே ஆகிவிட்டது. மூளை ஏதோ ஒரு பொருளைக் குறித்த நாளில் இரத்தத்தில் விடுகிறது, விட்ட பிறகு அதன் வேலை முடிந்துவிடுகிறது என்பது இதன் பொருள். 1934-இல் இங்கிலாந்தின் விக்கிள்ஸ்வொர்த், இரத்தம் உறிஞ்சும் ரோட்னியஸ் என்ற நாவாய்ப்பூச்சி இனத்தில் இதையே இன்னும் துல்லியமாகக் காட்டினார். தலையை வெட்டிய பூச்சி ஒன்று ஓராண்டுக்கு மேல் தோல் உரிக்காமலே உயிரோடு இருந்தது. உரிக்கத் தயாரான இன்னொன்றின் இரத்தம் அதற்குள் ஓடும்படி இணைத்ததும் அதுவும் உரித்தது. இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: மூளை சைகை தருகிறது, முன்மார்பில் இருக்கும் சுரப்பி தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்கிறது, மூளைக்குப் பின்னால் உள்ள இரு சிறு சுரப்பிகள் இளமை ஹார்மோனைச் சுரக்கின்றன. இளமை ஹார்மோன் நிறைய இருக்கும்போது தோல் உரித்தால் புழு மறுபடியும் புழுவாகவே வெளிவரும். அது வற்றியபின் உரித்தால் கூட்டுப்புழுவாகும், அடுத்து அந்துப்பூச்சியாகும். இந்தப் பொருள்கள் எவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்கின்றன என்பதற்கு ஒரு சான்று: 1954-இல் ஜெர்மனியில் புட்டெனான்ட்டும் கார்ல்சனும் தோலுரிப்பு ஹார்மோனைத் தனியே பிரித்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம்.

ஹார்மோன் குறித்த நாளில் குறித்த அளவில் வந்தால்தான் பூச்சி வளரும் என்றால், அந்த நாளையும் அளவையும் குலைத்தாலே போதும், நஞ்சு வேண்டாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. செடிகள் அதை நமக்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டன என்பது பிறகுதான் தெரிந்தது. 1965-இல் செக் நாட்டு ஆய்வாளர் காரெல் ஸ்லாமா தம் நாட்டுப் பூச்சிகளை ஹார்வர்டுக்குக் கொண்டுபோய், அங்கே காரல் வில்லியம்ஸின் ஆய்வகத்தில் வளர்த்தார். ஐந்தாம் பருவம் முடிந்து முதிர்ந்த பூச்சியாக வேண்டியவை ஆறாவது முறையும் குஞ்சாகவே உரித்து, முதிராமலே செத்தன. காரணம் தேடியபோது, கிண்ணத்தில் விரித்திருந்த காகிதம் அகப்பட்டது. அமெரிக்கக் காகிதத்துக்கு மூலமான பால்சம் பர் மரத்தில் இளமை ஹார்மோனைப் போலவே செயல்படும் பொருள் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் தாளில் வளர்ந்த பூச்சி முதிரவில்லை; லண்டன் டைம்ஸ் தாளில் வளர்ந்தது முதிர்ந்தது. இரண்டே ஆண்டில், 1967-இல், வில்லியம்ஸ் இவற்றை மூன்றாம் தலைமுறைப் பூச்சிக்கொல்லி என்று அழைத்தார். தன் சொந்த ஹார்மோனையே எதிர்த்துப் பூச்சி எப்படி நிற்க முடியும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே இடறியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது வேம்பு. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிகள் எல்லாவற்றையும் மொட்டையடித்தபோது வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஜெர்மன் ஆய்வாளர் ஷ்முட்டெரர் கண்டார். 1962-இல் டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தீண்டுவதில்லை என்று காட்டினார். 1968-இல் கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. அதன் கட்டமைப்பு 1985-இல் உறுதியாயிற்று. ஆய்வகத்தில் அதைச் செய்து முடிக்க 2007 வரை, 22 ஆண்டுகள் பிடித்தன. மரம் ஆண்டுதோறும் செய்து உதிர்த்துவிடுகிறது. அசாடிராக்டின் புழுவின் உடம்பில் இரண்டு வேலை செய்கிறது. முதலில் வாயை மூட வைக்கிறது: சுவை உணர்வே கெட்டு, புழு தின்னாமல் திரும்பிக்கொள்கிறது. அடுத்து, மூளை தரும் சைகை வெளிவராமல் தடுக்கிறது. சைகை வராததால் தோலுரிப்பு ஹார்மோன் உரிய நாளில் உயர்வதில்லை. புழு பாதித் தோலில் சிக்கிச் சாகிறது, அல்லது நாட்கள் கடந்தும் அதே பருவத்தில் கிடக்கிறது, அல்லது இறகு கோணிய அந்தாக வெளிவந்து முட்டையிடாமல் போகிறது. இந்த ஆய்வைப் படிக்க நீ வெகுதூரம் போக வேண்டாம். அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி போகும் வழியில் ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே உயிரிப் பூச்சிக்கொல்லிப் பிரிவில் பணியாற்றும் செந்தில்நாதன், உடன் ஆய்வாளர்களோடு இருபதாண்டுக்கும் மேலாக இதே இலைச்சுருட்டுப் புழுவையும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியையும் வைத்து எழுதிவருகிறார். 2004, 2005-இல் வந்த அவர்களுடைய கட்டுரைகளில், வேப்பங்கொட்டைச் சாறு, நொச்சி இலைச் சாறு, பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் பாக்டீரியா ஆகிய மூன்றையும் புழுவுக்குத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள். குடல் நொதிகள் குன்றின, தின்னும் அளவு சுருங்கியது. குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடுதலாக இருந்தது. நம் வயல் வரப்பிலேயே வேம்பும் நொச்சியும் நிற்கின்றன என்பதை மறக்காதே.

இனி உன் கேள்விக்கு நேராக வருகிறேன். புழு மெல்லச் சாகிற நாட்களில் பயிர் போய்விடாதா? தின்பதை நிறுத்திய புழு உயிரோடு இருந்தாலும் இலைக்குக் கேடு செய்வதில்லை என்பது பாதி விடை. மீதிப் பாதி, நெல்லின் தாங்கும் திறன். தூர் கட்டும் பருவத்தில் சில இலைகள் வெளுத்தாலும் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்து அடிக்க வேண்டும் என்று வேளாண் துறை சொல்வது இதனால்தான். உடனே கொல்லும் மருந்துக்கு நாம் கொடுக்கும் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அது சிலந்தியையும் நீர்மிதப்பானையும் ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொல்கிறது. அவை போன வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுகிறது. இந்தோனேசியா இதை நாடளவில் அனுபவித்து, 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசாணை போட்டே தடுத்தது. புகையானுக்குச் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒன்று, சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு என்று எல்லை வைத்திருப்பதைக் கவனி. சிலந்தியை வேலைக்காரராக எண்ணி வகுத்த கணக்கு அது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் வளர்க்கும் இரைகொல்லி நாவாய்ப்பூச்சிகளும் இத்தகைய வேலைக்காரர்களே; விக்கிள்ஸ்வொர்த்தின் ரோட்னியஸ் சேர்ந்த அதே குடும்பம் அவை. இந்த வேலைக்காரர்கள் உயிரோடு இருக்கும்படி ஒரு மருந்து வேலை செய்தால், அதன் நிதானம் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

ஆனால் இளமை ஹார்மோனை எல்லாப் பூச்சிக்கும் தீர்வென்று எடுத்துக்கொள்ளாதே. கொசுவுக்கு அது பொருந்தும். கடிப்பது முதிர்ந்த கொசு என்பதால், நீரில் கிடக்கும் புழு எத்தனை நாள் புழுவாக இருந்தாலும் நமக்கு நட்டமில்லை. நெல்லில் தின்பதே புழுதான். அதன் இளமையை நீட்டினால் இன்னும் நாலு நாள் கூடுதலாகத் தின்னும். ஹார்மோன் எது என்பதோடு, பூச்சி எந்தப் பருவத்தில் கெடுக்கிறது என்பதையும் அறிந்துதான் கை வைக்க வேண்டும். வில்லியம்ஸின் நம்பிக்கை இடறியதும் இந்த இளமை ஹார்மோனிலேதான். இளமை ஹார்மோன் போன்ற பொருளைத் தாங்கும் வண்டுகளும் ஈக்களும் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டின. கைட்டின் உருவாவதைத் தடுக்கும் புப்ரோபெசினைப் புகையான் இன்று பல நாடுகளில் தாங்குகிறது. நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி 7 இரகத்தில், புகையானை எதிர்க்கும் பி.பி.எச் 2 என்ற மரபணுவை 1971-இல் அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள்; புகையான் அதையும் வென்றுவிட்டது. எதையும் பூச்சி வெல்லும், ஒன்றையே திரும்பத் திரும்பக் கொடுத்தால். வேப்பங்கொட்டையில் அசாடிராக்டினோடு வேறு பல பொருள்களும் கலந்திருப்பதால் பூச்சிக்கு அது கடினமான எதிரி. ஆனாலும் அதையே நம்பி மற்றவற்றை விட்டுவிடுவது பிழை.

வளர்ச்சியைக் குலைக்கும் மருந்து என்பதாலேயே தீங்கற்றது என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. இறாலும் நண்டும் பூச்சியைப் போலவே தோல் உரித்து வளர்கின்றன, அதே வகை ஹார்மோனால். கைட்டினைத் தடுக்கும் செயற்கை மருந்துகள் நீரில் இறங்கினால் அவற்றைக் கொல்லும். கன்னடியன் கால்வாயில் கலப்பது தாமிரபரணிக்கே திரும்பலாம். அந்த ஆற்றைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. வேப்பங்கொட்டைச் சாறு வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். இதைக் குறையாகச் சொல்வார்கள். நாள் கழித்தும் மருந்து நிற்காததால் திரும்ப அடிக்க வேண்டியிருப்பது உண்மை. வயலிலும் நீரிலும் தங்காமல் போவதும் அதே காரணத்தால்தான்.

எனவே எப்போது அடிப்பது என்பதே முழு வேலை. இலையைச் சுருட்டிக்கொண்டபின் புழுவுக்கு மருந்து எட்டுவது அரிது. விளக்குப்பொறியில் அந்து விழத் தொடங்கியதும் கணக்கு வை: முட்டை ஒரு வாரத்துக்குள் பொரியும், அதன்பின் இரண்டு மூன்று வாரம் புழு. பொரிந்த முதல் சில நாட்களே இளம்புழு பிடிபடும் நாட்கள். தழைச்சத்து அதிகம் போட்ட வயலிலும் நிழல் விழும் ஓரத்திலும் முதலில் பார். நூறு லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடிக்கச் சொல். கொட்டை பறித்த கையோடு பயன்படாது. மூன்று மாதமாவது பழகியிருக்க வேண்டும், எட்டு பத்து மாதத்துக்கு மேல் வைத்தால் வீரியம் போய்விடும். நம் ஊரில் ஆனி, ஆடியில் கார் நெல் வயலில் நிற்கும்போது வேப்பம்பழம் உதிர்கிறது. அப்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் வைத்தால், ஐப்பசியிலிருந்து பிசானப் பருவ நெல்லுக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
சித்தப்பா