பணமா, மகிழ்ச்சியா? வகுப்பறையில் ஓர் ஹாக்கி விவாதம்

ஒன்பதாம் வகுப்பில் வேலைவாய்ப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "வேலையை எதற்காகத் தேர்ந்தெடுப்பீர்கள், பணத்துக்கா, மகிழ்ச்சிக்கா?" என்று கேட்டேன். மண்ணூரைச் சுற்றித் தொழிற்சாலைகள். ஷிப்ட் பேருந்துகளைப் பார்த்தே வளரும் பிள்ளைகள், "பணத்துக்குத்தான் சார்" என்றனர். ஹாக்கி ஆடும் மாணவன் ஒருவன் மட்டும் பேசவில்லை. பிளஸ் டூ முடித்ததும் அவன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம்.

மறுநாள் ஹாக்கியையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதலில், அரியலூர் கார்த்தி செல்வம். காவலாளியின் மகன். கோவில்பட்டியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் சர்வதேசப் போட்டியிலேயே கோல் அடித்தவர். "பணத்தை மட்டும் பார்த்திருந்தால் மட்டையைத் தொட்டிருப்பாரா?" என்றாள் ஒரு மாணவி.

அடுத்து, ஹர்மன்பிரீத் சிங். 2024 ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் 78 லட்சம் ரூபாய். வகுப்பே ஆரவாரித்தது. "2013-இல் தொடங்கிய இந்த லீக் 2017-க்குப் பின் நின்றுபோய், 2024 இறுதியில்தான் மீண்டும் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வீரர்கள் எதை நம்பி ஆடியிருப்பார்கள்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது.

விடை எழும்பூர் மைதானத்தில் இருக்கிறது. அங்கே ஆடும் அணிகளில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். ஆகியவையும் உண்டு. நிலையான மாதச் சம்பளமே பல வீரர்களைக் களத்தில் நிறுத்துகிறது. ஹர்மன்பிரீத்தும் பஞ்சாப் காவல்துறையில் பணி பெற்றவர்தான். அமைப்புசார்ந்த துறை என்பதன் பொருள் அன்று மாணவர்களுக்கு எளிதில் விளங்கியது.

பிறகு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னேன்: சம்பளம் எவ்வளவு? எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? அடிபட்டால் என்ன ஆகும்? விருப்பமானதைச் செய்ய நேரம் மிஞ்சுமா? தொழிற்சாலை ஒப்பந்த வேலையையும் விளையாட்டையும் இதே கேள்விகளால் ஒப்பிட்டனர். இரண்டிலும் காலம் குறைவு என்பதை அவர்களே கண்டுபிடித்தனர்.

பேசாதிருந்த மாணவன் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்றான். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பதையும் அதில் எழுதிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து அவன் தந்தை வந்தார். "விளையாட்டு விடுதியில் சேர்க்க என்ன செய்யணும் சார்?" என்று கேட்டார். முடிவு இன்னும் எடுக்கவில்லை. வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கிறது.

உங்கள் ஊரில் நெசவோ மீன்பிடித்தொழிலோ கபடியோ இருக்கலாம். இந்த நான்கு கேள்விகளை அங்கும் கேட்டுப் பாருங்கள்.