ரசிகர் கட்டும் இஎம்ஐ: மான்செஸ்டர் யுனைடெட் கடன் கதையில் சம்பளக்காரருக்கு மூன்று பாடங்கள்



பிரீமியர் லீக் பார்க்கிறவரா இருந்தா, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்த மஃப்ளர் போட்ட ரசிகர்களைக் கவனிச்சிருப்பீங்க. கிளப்போட நிறம் சிவப்பாச்சே, இது என்ன பச்சை மஞ்சள்? 1878ல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் கிளப் தொடங்கினப்ப இருந்த நிறம் அது. "டீம் எங்களுடையது, நீங்க கிளம்புங்க" என்று முதலாளிகளுக்குச் சொல்ல 2010ல் ரசிகர்கள் அந்த நிறத்தை மறுபடி கையில் எடுத்தாங்க.

டீம் தோற்றதால் வந்த கோபம்னு நினைப்போம். 2010ல் அந்த டீம் தொடர்ந்து கோப்பை ஜெயிச்சுக்கிட்டிருந்தது. கோபம் பேலன்ஸ் ஷீட் மேல! ஒரு ஆடிட்டரா எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணமும் அதுதான். கடன், வட்டி, ஓட்டுரிமை என்று நம்ம பாக்கெட்டைத் தொடும் எல்லாமே இதுக்குள்ள இருக்கு. ஃபுட்பால் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம்.

2005ல் என்ன நடந்தது?

அதுவரை மான்செஸ்டர் யுனைடெட் லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட, கடன் இல்லாத, லாபம் பார்க்கும் கிளப். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. 2005 மே மாதம் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர், பங்குக்கு 300 பென்ஸ் விலையில், சுமார் 790 மில்லியன் பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கினார். பெரும்பாலான பங்கு அவர் கைக்குப் போனதும் கிளப் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. விற்க மனசில்லாத ரசிகர்களும் கடைசியில் கட்டாயமாக விற்க வேண்டியதாயிற்று.

அந்த 790 மில்லியனில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் ஒரு பெரிய பகுதிக்குக் கிளப்பின் சொத்தே அடமானம். அதாவது, கிளப்பை வாங்க வாங்கின கடனைக் கிளப்பே கட்டணும்! இதுக்குப் பெயர் லீவரேஜ்டு பைஅவுட்.

"வீட்டை லோன்ல வாங்கி, வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில இஎம்ஐ கட்டுறதில்லையா? அதே கதைதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா இரண்டு வித்தியாசம் இருக்கு.

ஒன்று, நம்ம வீட்டு லோன் நம்ம பெயரில் இருக்கும். கட்டலைன்னா சிபில் ஸ்கோர் முதல் சம்பளம் வரை நமக்குத்தான் அடி. இங்கே கடன் கிளப்பின் தலையில். கட்ட முடியாமல் போனால் வாங்கினவர் இழப்பது அவர் போட்ட பணத்தை. கிளப் இழப்பது எல்லாத்தையும்.

இரண்டு, வாடகை அதிகமானால் குடித்தனக்காரர் வேற வீடு பார்த்துப் போவார். தாத்தா காலத்திலிருந்து யுனைடெட் ரசிகரா இருக்கிற ஒருத்தர், டிக்கெட் விலை ஏறினதுன்னு மான்செஸ்டர் சிட்டிக்குக் கை தட்டப் போவாரா? மாட்டார். விலை ஏறினாலும் விலகாத வாடிக்கையாளர், கடன் கொடுப்பவருக்கு மிக நல்ல ஜாமீன். ரசிகரின் விசுவாசத்தை நம்பித்தான் அந்தக் கடனே கிடைச்சது.

வட்டி கணக்கு

2006ல் 660 மில்லியன் பவுண்டுக்குக் கடன் மறுசீரமைப்பு நடந்தது. வட்டி குறைஞ்ச பிறகும் ஆண்டுக்குச் சுமார் 62 மில்லியன் பவுண்டு. 2010 ஜனவரியில் மொத்தக் கடன் 716.5 மில்லியன். ஐந்து வருஷமா வட்டி கட்டியும் கடன் ஏறியிருக்கு. எப்படி?

கடனின் ஒரு பகுதி பிக் லோன் வகையைச் சேர்ந்தது. இதில் வட்டியை ரொக்கமாகக் கட்ட வேண்டாம். அது அசலோடு சேர்ந்துவிடும். அடுத்த வருஷம் அந்த வட்டிக்கும் வட்டி. விகிதம் 14.25%, பிறகு 16.25%.

72ஐ வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்க: 72 ÷ 14.25 = சுமார் 5. கட்டாமல் விட்டால் ஐந்தே வருஷத்தில் கடன் இரட்டிப்பு. கிளேசர் குடும்பம் 2010 நவம்பரில் இந்த பிக் லோனை அடைச்சுவிட்டது. அந்தளவுக்கு அவங்களுக்கே அது சுட்டது.

பாடம் 1: கடன் யார் வாங்கினாங்க என்பதைவிட, யார் தலையில் இருக்கு என்று பாருங்க.

நம்ம ஊரில் இது இரண்டு வடிவத்தில் வரும்.

- ஜாமீன் கையெழுத்து. மச்சான் பிசினஸ் லோனுக்கு நீங்க ஜாமீன் போட்டால், பணம் அவர் கையில், பொறுப்பு உங்க தலையில். அந்த லோன் உங்க கிரெடிட் ரிப்போர்ட்டிலும் தெரியும். நாளைக்கு நீங்க வீட்டு லோன் கேட்கும்போது பேங்க் அதையும் பார்க்கும்.
- கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டுவது. இது சின்ன அளவிலான பிக் லோன். மாதம் 3.5% வட்டின்னா 72 ÷ 3.5 = சுமார் 20. ஒண்ணுமே கட்டாமல் விட்டால் இருபது மாசத்தில் இரட்டிப்பு. மினிமம் டியூ கட்டினாலும் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது.

ஜெயிக்கிறப்ப ஏன் யாரும் கேட்கலை?

ரசிகர்கள் 2005லயே கேட்டாங்க. ஒரு கூட்டம் கோபத்தில் வெளியேறி, எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று ரசிகர்களே உரிமையாளராக இருக்கும் புது கிளப்பைத் தொடங்கியது. அங்கே ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. எவ்வளவு பணம் போட்டாலும் ஒண்ணுதான்.

ஆனால் பெரும்பாலானவங்க பொறுத்துக்கிட்டாங்க. காரணம் சர் அலெக்ஸ் ஃபெர்குசன். 2007, 2008, 2009, 2011, 2013 என்று ஐந்து லீக் பட்டம், நடுவில் 2008ல் சாம்பியன்ஸ் லீக். கோப்பை வந்துக்கிட்டே இருந்தால் கடனைப் பற்றி யார் பேசுவாங்க? 2013ல் அவர் ஓய்வு பெற்றார். அதுக்கப்புறம் லீக் பட்டம் வரவே இல்லை. 2024-25 சீசனில் டீம் 15வது இடத்தில் முடிச்சது. கடன் 2005லிருந்தே இருந்தது. கோப்பை நின்ன பிறகுதான் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது.

நம்ம வாழ்க்கையிலும் இதே கதைதான். வருஷா வருஷம் 15% இன்கிரிமென்ட் வரும்போது கார் லோன், ஃபோன் இஎம்ஐ, பர்சனல் லோன் எதுவும் வலிக்காது. ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்னால், அல்லது வேலையே போனால், அப்பத்தான் கணக்கு தெரியும். கடன் கட்டமைப்பைச் சரிபார்க்க நல்ல நேரம், எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கும் நேரம்தான்.

"அப்ப பங்கு வாங்கிடலாமே?"

2012 ஆகஸ்ட்டில் கிளப் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. பங்கு 14 டாலர், திரட்டினது சுமார் 233 மில்லியன் டாலர். பாதி கிளப்புக்கு, பாதி குடும்பத்துக்கு. ரசிகர்களும் வாங்கலாம். ஆனா ஒரு சூட்சுமம். வெளியே விற்ற கிளாஸ் ஏ பங்குக்கு ஒரு ஓட்டு. குடும்பம் வைத்திருந்த கிளாஸ் பி பங்குக்குப் பத்து ஓட்டு.

புரிய ஒரு எளிய உதாரணம். ஒரு கம்பெனியில் 100 பங்கு. 80 பங்கு பொதுமக்கள் கையில், 20 பங்கு குடும்பத்தின் கையில். மக்கள் ஓட்டு 80. குடும்பத்தின் ஓட்டு 20 × 10 = 200. அதாவது 20% பணம், 71% அதிகாரம்.

நமக்கும் இது புதுசில்லை. டாடா மோட்டார்ஸ் 2008ல் டிவிஆர் பங்கு வெளியிட்டது. பத்துப் பங்குக்கு ஒரு ஓட்டு, பதிலுக்கு 5% கூடுதல் டிவிடெண்ட். சாதாரணப் பங்கைவிடக் குறைந்த விலைக்கே அது பல வருஷம் கைமாறியது. 2024ல்தான் அது சாதாரணப் பங்காக மாற்றப்பட்டது. ஓட்டை விட்டுக்கொடுத்தால் அதுக்கு ஒரு விலை வேணும். அங்கே டிவிஆர் வாங்கினவருக்குக் கூடுதல் டிவிடெண்டாவது கிடைச்சது. யுனைடெட் ரசிகருக்கு ஓட்டும் குறைவு, கூடுதல் டிவிடெண்டும் இல்லை.

ரிட்டர்னாவது கிடைச்சதா? 2023 டிசம்பரில் சர் ஜிம் ராட்கிளிஃப் 25% பங்கை, பங்குக்கு 33 டாலர் கொடுத்து வாங்க ஒப்பந்தம் போட்டார். பொதுமக்களிடம் இருந்த கிளாஸ் ஏ பங்கிலும் அவர் வாங்க முன்வந்தது 25% வரைதான். அந்த விலையையே எடுத்துக்கிட்டாலும், 14 டாலர் பதினோரு வருஷத்தில் 33 ஆகியிருக்கு. டிவிடெண்டை விட்டுவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 7.8%. அதே காலத்தில் எஸ்&பி 500 குறியீடு சுமார் 1,400லிருந்து 4,700ஐத் தாண்டியது, ஆண்டுக்குச் சுமார் 11%. உலகப் புகழ் பெற்ற பெயர், சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டிடம் தோற்றுப்போச்சு.

இன்னொரு எண். 2021-22ல் கிளப்புக்கு 115.5 மில்லியன் பவுண்டு நஷ்டம். அதே ஆண்டு கொடுத்த டிவிடெண்ட் 33.6 மில்லியன். அதில் பெரும்பங்கு குடும்பத்துக்கு. 2024 நவம்பரில், சீசன் நடுவிலேயே, மீதி லீக் மேட்ச்களுக்கு உறுப்பினர் டிக்கெட்டின் குறைந்தபட்ச விலை 66 பவுண்டு என்று அறிவிச்சாங்க. அதுவரை பெரியவங்களுக்கு 40லிருந்தும் குழந்தைகளுக்கு 25லிருந்தும் கிடைச்சது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையும் போச்சு. அதே வருஷம் சுமார் 250 ஊழியர்களுக்கு வேலை போனது.

மறுபக்கமும் சொல்லணும். 2005ல் 157 மில்லியனாக இருந்த வருமானம் 2023-24ல் 660 மில்லியனைத் தாண்டியது. ஸ்பான்சர்ஷிப் விற்பதில் அவங்க கில்லாடிகள்தான். டிவி உரிமை விலை ஏறினதும் ஒரு காரணம், அது எல்லா கிளப்புக்கும் கிடைச்சது. பொறியே இங்கதான்: வருமானம் நாலு மடங்கு ஆகியும் கடன் தீரலை.

பாடம் 2: பாசத்தை வைத்து முதலீடு செய்யாதீங்க.

பிடித்த பிராண்ட், பிடித்த டீம், நம்ம வேலை பார்க்கிற கம்பெனி - மூணுக்கும் இது பொருந்தும். கம்பெனி கொடுக்கும் ஈசாப் பங்கை மொத்தமாக வைத்திருந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒரே கூடையில். கம்பெனிக்கு அடி விழுந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும். மொத்த முதலீட்டில் ஒரே கம்பெனி 10 சதவீதத்துக்கு மேல் போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என் வழக்கம்.

பொறுமை உடைந்தபோது

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. யுனைடெட் உட்பட ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனி லீக்கை அறிவிச்சாங்க. நிறுவன உறுப்பினர்கள் எவ்வளவு தோற்றாலும் வெளியேற்றம் கிடையாது. முதலாளிக்கு உறுதியான வருமானம். ரசிகருக்கு, ஆட்டத்தின் உயிரே போச்சு. ரசிகர்கள் தெருவுக்கு வந்தாங்க. வீரர்கள், அரசு என்று எல்லாரும் எதிர்த்தாங்க. செவ்வாய் இரவுக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. மே 2ம் தேதி யுனைடெட் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்ததால் லிவர்பூல் மேட்ச் தள்ளிவைக்கப்பட்டது.

கத்தினதால் ஒரு திட்டம் நின்னது. ஆனா முதலாளி மாறலை, கடனும் போகலை. ஏன்? அவங்க கையில் குரல் இருந்தது, ஓட்டு இல்லை.

ஜெர்மனியைப் பாருங்க. அங்கே 50+1 விதி. ஒரு சில விலக்குகள் தவிர, ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்கணும். 2023 டிசம்பரில் ஜெர்மன் லீக், ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை 20 வருஷத்துக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, சுமார் ஒரு பில்லியன் யூரோவை உடனே வாங்கத் திட்டமிட்டது. நம்ம மொழியில் சொன்னால், அடுத்த 20 வருஷச் சம்பளத்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்து இன்னைக்கே அட்வான்ஸ். பேப்பரில் அது கடன் இல்லை. ஆனா பாக்கெட்டுக்குக் கடன்தான். ரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்து வீசி மேட்ச்களை நிறுத்தினாங்க. 2024 பிப்ரவரி 21ல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த ரசிகர்களில் பலர் கிளப் உறுப்பினர்கள், அடுத்த கூட்டத்தில் கை தூக்குபவர்கள். அதனால் அவங்க சத்தத்துக்கு எடை இருந்தது.

இதுக்கும் விலை உண்டு. வெளிப்பணம் குறைவு. பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டம் ஜெயிச்ச லீக் அது. கட்டுப்பாடு வேணுமா, பெரிய பணம் வேணுமா என்ற கேள்விக்கு இலவசமான பதில் கிடையாது. இங்கிலாந்தும் 2025ல் சட்டம் போட்டு, உரிமையாளர்களையும் கிளப் நிதிநிலையையும் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கு. யுனைடெட் கடன் ஏறி இருபது வருஷம் கழித்து!

பாடம் 3: கையெழுத்துக்கு முன்னாடியே வெளியேறும் வழியைப் பாருங்க.

பணம் போடும் எந்த இடத்திலும் மூணு கேள்வி கேளுங்க:

1. கடன் யார் தலையில்?
2. முடிவெடுக்கும் ஓட்டு யார் கையில்?
3. பிடிக்கலைன்னா நான் எப்படி, எவ்வளவு செலவில் வெளியே வருவது?

மூணாவது கேள்விதான் முக்கியம். சொந்தக்கார ஏஜென்ட் சொன்னார்னு போட்ட எண்டோமென்ட் பாலிசியை மூணாவது வருஷம் சரண்டர் செய்தால் எவ்வளவு வரும்? பாலிசி பத்திரத்தை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. முதல் சம்பளத்தில் திறந்த சேவிங்ஸ் அக்கவுன்ட், அதில் நீங்க கேட்காமலே வந்த கட்டணங்கள் - கடைசியா எப்ப ஸ்டேட்மென்ட் பார்த்தீங்க? யுனைடெட் ரசிகரால் டீமை மாத்த முடியாது. அது அவர் பிறப்போடு வந்த பந்தம். உங்க பேங்க்கும் பாலிசியும் அப்படி இல்லை. மாத்தலாம்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்க பெயரிலும், உங்க ஜாமீனிலும் இருக்கும் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்க. அசல், வட்டி விகிதம், 72ஐ வகுத்தால் வரும் வருஷம் - மூணு கட்டம் போதும். எந்தக் கடன் முதலில் இரட்டிப்பாகுமோ, அதை முதலில் அடைங்க.

இங்கே சொன்ன பங்குகள் பாடத்துக்கான உதாரணம் மட்டுமே, வாங்கவோ விற்கவோ பரிந்துரை இல்லை. கணக்கை நான் போர்டில் போட்டுக் காட்டும் வீடியோ நம்ம சேனலில் இருக்கு. உங்க தாளில் என்ன எண் வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!