செகண்ட் ஷிஃப்டில் எட்டாம் கட்டளை

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு மனம் கொதிக்கிற நேரம் ஒன்று உண்டு: ஷிஃப்ட் மாறும் நேரம். முந்தின ஷிஃப்ட்காரர் மெஷினைத் துடைக்காமல் போயிருப்பார். ரிஜெக்ஷன் பீஸ் நல்ல பீஸோடு கலந்து கிடக்கும். லாக் புக்கில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. அந்தச் சில நிமிடத்துக்குள் மனது விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிடும். வேண்டுமென்றே செய்தான், அந்த ஊர்க்காரனே இப்படித்தான், சூப்பர்வைசருக்கு வேண்டியவன் என்கிற திமிர். இதில் எதற்கும் சாட்சி கிடையாது.

விசுவாசம் அன்றாட நினைப்பை எந்த இடத்தில் பிடித்துத் திருப்புகிறது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஞாயிறு ஆராதனையில் நல்ல நினைப்பு வருவது கஷ்டமில்லை. பாட்டும் பிரசங்கமும் நம்மைத் தாங்குகின்றன. திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, எண்ணெய் படிந்த மெஷின் முன்னால் நிற்கும்போது எது நம்மைத் தாங்குகிறது என்பதுதான் கேள்வி.

நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். எங்கள் சபைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை இந்தியாவில் தன் ஊழியத்தை 1895-ல் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். அதைத் தொடங்கிய மிஷனரி தியோடர் நேத்தர் 1904-ல் பிளேக் நோய் கண்டு அதே ஊரில் இறந்தார். அந்த வழியில் எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்த சொத்து லுத்தரின் சிறிய ஞானோபதேசம். வீட்டுத் தலைவர்கள் தங்கள் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக 1529-ல் எழுதப்பட்ட சின்னப் புத்தகம். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அதை முன்பே தமிழாக்கியிருந்தார். திடப்படுத்தல் வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்தது.

பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளை எங்கள் எண்ணிக்கையில் எட்டாவது. லுத்தர் அதை விளக்கும்போது பொய் சொல்லாதே என்பதோடு விட்டுவிடவில்லை. அடுத்தவனுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவன் செய்ததற்கு நல்ல பொருள் கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறார். அப்படியானால் பொய்ச்சாட்சி வாயில் தொடங்குவதில்லை. மனதுக்குள் நாம் எழுதும் தீர்ப்பிலேயே தொடங்கிவிடுகிறது. என் வாழ்க்கையில் மிக அதிகமாகப் பயன்பட்ட வேதபாடம் இதுதான்.

இதைப் பழக்கமாக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். தீர்ப்பு எழுந்ததும் அதற்கு எதிராக வேறு இரண்டு காரணங்களைத் தேடுவேன். கடைசி நேரத்தில் டார்கெட்டை ஏற்றியிருக்கலாம். ராயக்கோட்டைப் பக்கம் போகும் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது, அதைப் பிடிக்க ஓடியிருக்கலாம். பிறகு அந்த ஆளையே நேரில் கேட்பேன், "என்னண்ணா, நேத்து என்ன ஆச்சு?" என்று. டீ பிரேக்கில் மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால் கேட்பது முக்கியம். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு என்று மத்தேயு 18-ல் இயேசு சொன்ன வழிக்கு இதைவிட நேரான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

கோபம் அப்போதும் மிஞ்சினால், பவுல் எபேசு சபைக்கு எழுதும்போது சூரிய அஸ்தமனத்தையே அதற்குக் கெடுவாக வைத்திருக்கிறார். இரண்டு மணி முதல் பத்து மணி வரையான செகண்ட் ஷிஃப்டில் பொழுது சாய்வது வேலைக்கு நடுவில். ஆகவே சமாதானம் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளும் காரியமல்ல. லைனிலேயே, கையுறையைக் கழற்றாமலே ஆக வேண்டிய காரியம்.

ஒரு ஆளைப் பற்றிய நினைப்பைத் திருத்துவதைவிட, ஒரு கூட்டத்தைப் பற்றிய நினைப்பைத் திருத்துவது பெரும்பாடு. கர்நாடக எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தபோது ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே வண்டிகள் நின்றுபோயின. பைகளோடு மக்கள் நடந்தே எல்லை கடந்தார்கள். ஒவ்வொரு கைபேசியிலும் ஒரு வீடியோ, ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு "அவனுங்க". தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற ஓசூரில் அந்தச் சொல் எவ்வளவு தூரம் வெட்டும்! 2023 மார்ச்சில் அதன் மறுபக்கம் நடந்தது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயிலேறிய தம்பிகள் உண்டு.

இப்படிப்பட்ட நாட்களில் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு: எந்தக் கூட்டத்தின்மேல் வெறுப்பு எழுகிறதோ, அதில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பெயர் சொல்லி ஜெபிப்பது. ஆனேக்கல்லிலிருந்து வரும் சக ஊழியர், அவர் அம்மாவின் முழங்கால் வலி. ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் பையன், அவன் ஊருக்கு அனுப்பும் பணம். பெயர் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், அந்த மக்களைப் பற்றி வந்த வீடியோவை நான் ஃபார்வர்டு செய்வதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல பொருள் கொள்வது என்றால் அநியாயத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வதல்ல. பிரஸ் மெஷினில் சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னால் அதற்கு நல்ல பொருள் கிடையாது. போகப்போவது ஒருவருடைய விரல். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓவர்டைம் பணத்தை நிறுத்தினாலும் அப்படியே. அடுத்தவனுக்காகப் பரிந்து பேசு என்பது அதே கட்டளையின் விளக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே சாட்சியாக நிற்பதும், சேஃப்டி கமிட்டிக்கு எழுதிக் கொடுப்பதும், யூனியனிடம் போவதும் பக்தியைச் சேர்ந்தவையே. அடிபட்டவனுக்கே பொறுமையைப் போதிக்கிற பிரசங்கம் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாக, நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு. தூக்கம் கெட்ட மனதில் சந்தேகமும் கசப்பும் இரட்டிப்பாகும். எல்லாவற்றையும் ஆவிக்குரிய பிரச்சினை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரைப் பாருங்கள். இரவு ஜெபம் முடிந்ததும் உடனே சந்தோஷமாகத் தூங்கப் போகச் சொல்கிறார் லுத்தர். உங்களுக்கு அது காலை ஏழு மணி. பஸ்ஸில் வரும்போதே ஜெபத்தை முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டுப் படுங்கள். அன்றைக்கு மனதில் எழுதிய தீர்ப்புகளில் ஏதாவது மிச்சமிருந்தால், அந்த ஆளை எழுந்ததும் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.